இனிப்பு வர்ற வரைக்கும்

போன மாதம் உங்கள் டயட்டீஷியன் பயிற்சி வகுப்பில் பேச என்னை அழைத்திருந்தீர்கள். நடுவில் டீ குடிக்க வெளியே வந்தபோது, உங்களில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "பேஷண்ட் நேச்சுரல் ஸ்வீட்னர் கேட்டா தைரியமா சரின்னு சொல்லிடு, நேச்சுரல்னா பிரச்சன இல்ல" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் கப்பை மேஜையில் வைத்த வேகத்தில் பாதி டீ கீழே சிந்திவிட்டது. அந்தப் பெண்ணிடம் எல்லார் எதிரிலும் கடுமையாகப் பேசினேன். அதற்காக வருத்தப்படவில்லை. ஆனால் எதற்காக அவ்வளவு கோபம் என்று அவளுக்கும் உங்களுக்கும் தெரிய வேண்டும். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே டயட்டீஷியன் என்று இருந்தது நான் ஒருத்திதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. செல்போன் ஒவ்வொரு சட்டைப் பையாக ஏறிக்கொண்டிருந்தது, சர்க்கரை நோய் ஒவ்வொரு வீடாக ஏறிக்கொண்டிருந்தது. காலையில் டி.வி.யைப் போட்டால் யாராவது ஒருவர் ஒரு வேரையோ விதையையோ கையில் பிடித்துச் சிரித்துக்கொண்டிருப்பார். தேன் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது, பனங்கற்கண்டு சாப்பிட்டால் ஏறாது, நாட்டுச் சர்க்கரை சாப்பிட்டால் ஏறவே ஏறாது. அதைக் கேட்டுவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்து, "அதெல்லாம் இயற்கைதானே மேடம்?" என்பார்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வேறு கதை சொல்லும். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அதெல்லாம் சின்ன விஷயம். தேனில் சர்க்கரை இருக்கிறது, அவ்வளவுதான். மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். மீட்டரே காட்டாத ஒன்றைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அந்துவான் என்று ஒரு நோயாளி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் இவர்களைச் சொல்தா என்போம். எழுபதை நெருங்கும் வயதிலும் இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் ஷூ. வெளிநோயாளிப் பிரிவில் நர்ஸ் அவர் பெயரைக் கூப்பிட்டால் விறைப்பாக எழுந்து நின்று "பிரெஸான்" என்பார். பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல. மற்ற நோயாளிகள் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ளமாட்டார்.

அவருக்கு இனிப்பு என்றால் உயிர். அவர் மனைவி ரோசலின் முதல் நாளே என்னிடம் போட்டுக்கொடுத்துவிட்டார். "காபில நாலு ஸ்பூன் போடணும் மதாம். கலக்காம குடிச்சுட்டு, கடசீல அடியில கெடக்கறத ஸ்பூனால வழிச்சுச் சாப்புடுவாரு." அப்படிப்பட்ட மனிதரிடம் எங்கள் டாக்டர், "இனிமே சர்க்கரங்கற பேச்சே கூடாது" என்று சொன்னார். டாக்டர்கள் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார்கள். பத்தில் ஒன்பது பேர் தலையாட்டிவிட்டு வெளியே போய் ஒரு பால்கோவா சாப்பிடுவார்கள். அந்துவான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். அன்றோடு நிறுத்தினார். ஒவ்வொரு தடவை வரும்போதும் ரிப்போர்ட் அருமையாக இருந்தது. மற்றவர்களுக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவோம்.

ஒரு கட்டத்தில் அவருக்கு ரத்த அழுத்தம் கூட ஆரம்பித்தது. கணுக்கால் லேசாக வீங்கியிருந்தது. வயசு, சர்க்கரை, பரம்பரை எதுவும் காரணமாக இருக்கலாம். டாக்டர் நீர் பிரியும் மாத்திரை ஒன்றைச் சேர்த்தார். அந்த நிலையில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

சில வாரம் கழித்து ஒரு காலை நேரம். அந்துவானால் கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. காலைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை. கை மட்டும் கொஞ்சம் அசைந்தது. பக்கவாதம் என்று நினைத்து ரோசலின் அலறியிருக்கிறார். பக்கத்து வீட்டு ஆட்கள் நாற்காலியோடு தூக்கி வேனில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். நான் கேஷுவாலிட்டி வாசலைத் தாண்டிப் போகும்போது அவரைப் பார்த்தேன். சட்டை பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார். முடியவில்லை. "பார்தோன், மதாம்" என்றார். மன்னிக்கணும் என்று. எழுந்து நிற்க முடியாததற்கு மன்னிப்பு.

பக்கவாதம் இல்லை. ரத்தத்தில் பொட்டாசியம் பயங்கரமாக இறங்கியிருந்தது. உங்களுக்குத் தெரிந்ததுதான்: அந்த உப்பு குறைந்தால் கைகால் தசைகள் வேலைநிறுத்தம் செய்யும், அப்புறம் இதயமும் செய்யும். அவருடைய இ.சி.ஜி.யைப் பார்த்த டாக்டர் அந்த நிமிடமே அவரை ஐ.சி.யூ.வுக்கு அனுப்பினார். நீர் மாத்திரையை நிறுத்தினார்கள். டிரிப்ஸில் பொட்டாசியம் ஏற்றினார்கள். ஏறியது. வார்டுக்கு மாற்றினார்கள். திரும்ப இறங்கியது. திரும்ப ஏற்றினார்கள். திரும்ப இறங்கியது. ஒரு தடவை நாடித்துடிப்பு தாறுமாறாக ஓடி, எல்லாரும் படுக்கையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

டாக்டர் என் அறைக்கே வந்தார். அவர் அதிகம் பேசாதவர். "ஊத்தற தண்ணியெல்லாம் ஓட்டப் பானைல போற மாதிரி இருக்கு. கிட்னி, சுரப்பி எல்லாம் பாத்துட்டேன், ஒண்ணும் பிடிபடல. இந்த மனுஷன் என்னதான் சாப்புடறாரு? உக்காந்து கேளுங்க. எனக்கு ஒளிவு மறைவில்லாம வேணும்" என்றார்.

போய் உட்கார்ந்தேன். ரோசலின் கட்டில் பக்கத்தில் இருந்தார், கண் சிவந்திருந்தது.

"நீங்க சொன்னபடிதான் மதாம் எல்லாம் குடுக்கறேன். காலைல இட்லி, இல்லன்னா பிரெட். மத்தியானம் கொஞ்சூண்டு சோறு, மீன். ராத்திரி சூப்பு. எதுலயும் சக்கரையே கெடயாது. ஆண்டவர் சாட்சியா."

நாட்டு மருந்து? இல்லை. கஷாயம்? இல்லை. லேகியம்? இல்லை. பேதி மாத்திரை? இல்லவே இல்லை. நான் ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. நான் அவரைச் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். நோயாளியின் வீட்டு ஆட்களை விசாரிக்கும்போது, போலீஸ் மாதிரி கேட்காதீர்கள். அவர்கள் மறைப்பதில்லை. எது முக்கியம் என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பொய் சொல்கிறார்கள் என்று நாம் முடிவு கட்டிய நிமிடத்திலிருந்து உண்மை நமக்குக் கிடைக்காது. நான் கேள்வியை நிறுத்திவிட்டு, "நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றேன். அதற்கு அவர் அழுதுவிட்டார். அழுது முடித்துவிட்டு, கீழே இருந்த பிளாஸ்கைத் திறந்து மூடியில் காபி ஊற்றி என்னிடம் நீட்டினார். "நீங்களும் குடிங்க மதாம். அவருக்குப் போட்டதுதான். சக்கர இல்லாதது."

குடித்தேன். காபி இனித்தது.

முதல் வாயில் இல்லை. விழுங்கிய பிறகு, நாக்கின் பின்பக்கத்தில் மெதுவாக வந்து உட்கார்ந்துகொண்டு போகவே மாட்டேன் என்றது. சர்க்கரை அப்படி இனிக்காது. சர்க்கரை வரும், போய்விடும்.

"இதுல என்ன போட்டீங்க?"

"பொடி மதாம். சக்கர இல்ல, இது இயற்கப் பொடி. காபிக்கு, பாயசத்துக்கு, எல்லாத்துக்கும் இதான். சக்கரய வுட்ட நாள்லேருந்து அவரு இதாலதான் உயிரோட இருக்காரு." பையிலிருந்து ஒரு பச்சை பாக்கெட்டை எடுத்தார். ஓர் இலை படம். 'முழுக்க முழுக்க இயற்கை. பக்க விளைவுகள் அற்றது. நீரிழிவு நோயாளிகளின் இனிய நண்பன்.' என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற இடத்தில் 'தேர்ந்தெடுக்கப்பட்ட மூலிகைகள்' என்று மட்டும் இருந்தது.

பாக்கெட்டைத் திருப்பினேன். பின்னால் ஒரு ஸ்டிக்கர். எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக் கடையின் ஸ்டிக்கர்.

"பழசு தீந்துபோச்சு மதாம். காலைல கீழ கடைலயே கெடச்சுது."

காபியின் ருசியிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாவது மாடியில் நாங்கள் ஒரு மனிதனுக்குள் பொட்டாசியத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறோம். தரைத்தளத்தில் நாங்களே அதை இறக்கும் பொடியை விற்றுக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெண்மணி வியர்க்க விறுவிறுக்கப் படியேறி, அதைப் பாசத்தோடு கலக்கி, அவர் வாயில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். தொண்டை கட்டினால் வாயில் அடக்கிக்கொள்வோமே அந்த வேர். அதிமதுரம். அதன் ருசியை ஒரு தடவை அறிந்தவர்களுக்கு மறக்காது.

டாக்டரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அதிமதுரம்! நிறைய சாப்பிட்டா உடம்புல உப்பத் தேக்கி வைக்கும், பிரஷர் ஏறும், கால் வீங்கும், பொட்டாசியம் வெளிய போயிடும். காலேஜ்ல படிச்சிருக்கேன். ஒரு கேஸ்கூடப் பாத்ததில்ல." கொஞ்சம் யோசித்து, "அந்த வீக்கத்துக்கும் பிரஷருக்கும்தான் நான் நீர் மாத்திர குடுத்தேன். அது இன்னும் கொஞ்சம் பொட்டாசியத்த வெளிய தள்ளியிருக்கு" என்றார். பிறகு எழுந்தார். "பொடிய நிறுத்துங்க. ஆனா நம்ம ஊகம் மட்டும் போதாது. உள்ள வேற என்ன இருக்குன்னு தெரியணும்."

பாக்கெட்டில் விலாசம் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டை என்று இருந்தது. ஆட்டோ பிடித்துப் போனேன். ஒரு பக்கம் லேத் பட்டறை, இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் குடம் செய்கிற இடம். நடுவில் தகரக் கூரை போட்ட சின்ன ஷெட். வாசலிலேயே சாக்கு சாக்காகக் காய்ந்த வேர் அடுக்கியிருந்தது. கேட்கவே வேண்டியதில்லை. அந்த வாசனையே போதும்.

முதலாளிக்கு நாற்பது வயது இருக்கும். நான் ஒரு வில்லனை எதிர்பார்த்துப் போயிருந்தேன். மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்து, டீ சொல்லி, பணிவாகப் பேசினார். அந்த டீயிலும் அதே பொடிதான் என்று பெருமையாகச் சொன்னார். நான் தொடவில்லை.

"அதிமதுரம்தான் மேடம். சாறு எறக்கிக் காயவெச்சுப் பொடியாக்கறோம். வேற கெமிக்கல் ஒண்ணும் கெடயாது. எங்க அப்பாவுக்கு சக்கர வந்தப்போ ஆரம்பிச்சது. சின்னப் புள்ளைங்களுக்கே குடுக்கற வேருதானே?"

"ஒரு ஸ்பூன்ல எவ்வளவு சாறு?"

"அப்பிடிக் கணக்கெல்லாம் வெக்கல."

"அப்புறம் எப்படிப் போடறீங்க?"

"இனிப்பு வர்ற வரைக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் மனதில் ஒரு துளி கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் என்னை இன்னும் எரியவைத்தது. கெட்டவனாக இருந்தால் அவனுக்குப் பயமாவது இருக்கும்.

"சித்த வைத்தியர்கள் எல்லாரும் அதிமதுரம் குடுக்கறாங்களே மேடம்?"

"குடுக்கறாங்க. மருந்தா குடுக்கறாங்க. இவ்வளவுதான்னு அளவு சொல்லி, இத்தன நாள்தான்னு கெடு சொல்லி, ஆளப் பாத்துக் குடுக்கறாங்க. நீங்க காபிக்கும் பாயசத்துக்கும் குடுக்கறீங்க. காலமெல்லாம் சாப்பிடச் சொல்றீங்க. இருதய நோயாளி யாரு, பிரஷர்காரன் யாரு, நீர் மாத்திர சாப்பிடறவன் யாருன்னு ஒங்க பாக்கெட்டுக்குத் தெரியுமா?"

அவர் முகம் மாறியது. "பக்க விளைவு இல்லன்னுதானே மேடம் போட்டிருக்கோம்."

"யாரு சோதிச்சுச் சொன்னது?"

ஒரு பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பாக்கெட் அடிக்கக் குடுத்த அச்சகத்துல, எல்லாரும் இப்பிடித்தான் போடுவாங்க சார்னு அவங்களே போட்டுக் குடுத்தாங்க."

நான் எழுந்து வந்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிடம் இருந்திருந்தால் அந்த டீயை அவர் சட்டையில் ஊற்றியிருப்பேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். மருந்துக் கடையிலிருந்து அந்தப் பாக்கெட்டுகளை எடுக்கச் சொன்னேன். "எடுத்துடலாம், எடுத்துடலாம்" என்றார். அவர் முகம் அதைச் சொல்லவில்லை. அப்புறம்தான் விஷயம் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நெல்லித்தோப்பில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் இலவச சர்க்கரை நோய் முகாம். பந்தல், பேனர், மத்தியானச் சாப்பாடு எல்லாம் அந்தப் பொடிக் கம்பெனி உபயம். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு பாக்கெட் பொடி.

"சார், அந்தப் பைய மட்டும் குடுக்காதீங்க."

"ஒருத்தருக்கு ஒத்துக்கலன்னா எல்லாருக்கும் ஒத்துக்காதா? கடலைகூட ஒருத்தருக்கு ஒத்துக்காது."

"வர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு பிரஷர் மாத்திர சாப்பிடறவங்க சார். அவங்க கையில நாமளே குடுக்கறோம். நம்ம பேரு போட்ட பையில குடுக்கறோம்."

"நீங்க கம்பெனி பேரச் சொல்லி ஏதாவது பேசி, அவன் கேஸ் போட்டா யாரு பதில் சொல்றது? நீங்க ஒடம்பு எடை, நடைப்பயிற்சி இதப் பத்திப் பேசுங்க. போதும்."

டாக்டரிடம் போனேன். அவர் நல்லவர். ஆனால் அவரும் அதையே வேறு மாதிரி சொன்னார். "பொடிய லேபுக்கு அனுப்பியிருக்கேன். கையில ஆதாரம் வரட்டும்." வரும். எப்போது வரும்? ஞாயிற்றுக்கிழமை அதற்கு முன்னால் வந்துவிடும்.

உங்களுக்கும் இப்படி ஒரு சந்தர்ப்பம் வரும். அப்போது இரண்டு குரல் கேட்கும். ஒன்று, வேலை போய்விடும், வாயை மூடு என்னும். இன்னொன்று, மேடையேறி எல்லாவற்றையும் போட்டு உடை என்னும். இரண்டாவது குரல் வீரமாகத் தோன்றும். நான் அதையும் நம்பவில்லை. கம்பெனி பெயரைச் சொன்னால் பேச்சு கம்பெனியைப் பற்றியதாகிவிடும். வக்கீல் வருவார், மானநஷ்டம் வரும். அந்தக் கூட்டத்துக்குத் தெரிய வேண்டியது பெயர் அல்ல. எந்தப் பொருள், யாருக்கு ஆகாது, என்ன அறிகுறி, இன்றைக்கே என்ன செய்ய வேண்டும். இந்த நான்கையும் சொன்னால், பெயரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அப்படி முடிவு செய்துகொண்டேன். அந்துவானின் கதையைச் சொல்லக் கூடாது என்றும் முடிவு செய்தேன். அவர் இன்னும் எங்கள் படுக்கையில் கிடந்தார். அவர் அனுமதி இல்லாமல் அவரை உதாரணமாக்க எனக்கு உரிமை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் துணிப்பைகள் மலைபோல. மேடையில் மைக்கைப் பிடித்து எடையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினேன். பிறகு சொன்னேன். "உங்கள்ல யாராவது சர்க்கரைக்குப் பதிலா இனிப்புப் பொடி சாப்பிடறீங்களா? அதுல அதிமதுரம் இருந்தா, இல்ல என்ன இருக்குன்னே போடலன்னா, இன்னையோட நிறுத்துங்க. முக்கியமா பிரஷருக்கோ இருதயத்துக்கோ மாத்திர சாப்பிடறவங்க. கால் வீங்குதா, கைகால் ஓய்ஞ்சு போவுதா, மாத்திர சாப்பிட்டும் பிரஷர் ஏறுதா? இப்பவே எங்கிட்ட வாங்க. உங்க பையில பொடி இருந்தா அத வெளிய எடுத்து இந்த மேஜைல வையுங்க."

மைக் செத்துவிட்டது. மேனேஜர் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சாப்பாடு தயார் என்று கையைத் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜனங்கள் எழுந்தார்கள். பொடிக் கம்பெனி ஆள் ஒருவர் முன்னால் வந்து, "பயப்படாதீங்க, அதிமதுரம் நம்ம பாட்டன் பூட்டன் சாப்பிட்டது, ஆயிரங்காலத்து மருந்து" என்று உரக்கச் சொன்னார். கூட்டம் சிரித்தது. கதை முடிந்தது என்று நினைத்தேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "யோவ், நில்லுய்யா!"

ரோசலின். அவர் வீடு அந்தத் தெருவுக்கு அடுத்த தெரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக கஞ்சி வைத்துக்கொண்டிருந்தவர், நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் கூடையோடு வந்திருந்தார். நான் அவரைக் கூப்பிடவில்லை. ஒலிபெருக்கியில் என் குரல் கேட்டு வந்ததாக அப்புறம் சொன்னார்.

"நான்தான்யா குடுத்தேன்! எங்க வூட்டுக்காரருக்கு என் கையால காபில கலந்து குடுத்தேன். நல்லதுன்னு நெனச்சுக் குடுத்தேன். பட்டாளத்துல இருந்த மனுஷன், இன்னைக்கு ஒண்ணுக்குப் போக ரெண்டு பேரு தூக்கறாங்க. இந்தப் பச்ச பாக்கெட்டுதான்!" கூடையிலிருந்து அதை எடுத்து அந்த ஆளின் காலடியில் போட்டார். "ஒங்க பாட்டன் எவ்ளோ சாப்ட்டான்? தெனம் நாலு காபில கலந்து குடிச்சானா? சொல்லு!"

கூட்டம் சாப்பாட்டுக்கூடம் பக்கம் போகாமல் நின்றது. ஒரு வயசானவர் தன் துணிப்பையைத் திறந்து பாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தார். அப்புறம் இன்னொருவர். அப்புறம் வரிசையாக.

அந்த வரிசையில் கறுப்பு புர்கா போட்ட ஓர் அம்மா வந்தார். ஷரீபா என்று பெயர். கணவருக்கு ஜவுளி வியாபாரம். என் காதருகே குனிந்து, "எனக்கும் கால் வீங்கியிருக்கும்மா. பிரஷருக்கு ஒரு மாத்திர இருந்தது மூணாயிடுச்சு. மாடிப்படி ஏற முடியல. வயசாயிடுச்சுன்னு வூட்ல சொல்றாங்க" என்றார். முகாமுக்கு வந்திருந்த எங்கள் டாக்டரே அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்காரவைத்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிசல்ட் வந்ததும் அன்றைக்கே அட்மிட் செய்தார். பொடியை நிறுத்தினார்கள். சில வாரத்தில் மூன்று மாத்திரை ஒன்றாகக் குறைந்தது. வயசு எங்கேயும் போய்விடவில்லை, அப்படியேதான் இருந்தது. படி ஏறினார்.

இனி கோபத்தின் மீதிப் பாதி.

டாக்டரின் லேப் ரிப்போர்ட் வந்தது. அதிமதுரம், அதுவும் தாராளமாக. உணவுக் கலப்படத்தைக் கவனிக்கிற அரசு அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன், ரிப்போர்ட்டையும் இணைத்தேன். அவர்களும் மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். பதில் வந்தது: கலப்படம் எதுவும் இல்லை, பொருள் இயற்கையானதே. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அவர்கள் பொய் சொல்லவில்லை. 'இயற்கை' என்ற அளவில் பாக்கெட்டும் பொய் சொல்லவில்லை. ஒரு மனிதனை முடமாக்கிய பொருள், எல்லா விதத்திலும் இயற்கையானதுதான். மேனேஜர் மருந்துக் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டார். கூடவே என்னை வெளிநோயாளிப் பிரிவிலிருந்து எடுத்து, ஆஸ்பத்திரிச் சமையல்கட்டு மேற்பார்வைக்குப் போட்டார். நோயாளிகளோடு பேச வேண்டாமாம். சாம்பாரோடு பேசலாம். கொஞ்ச காலம் பேசினேன், அப்புறம் வேறு இடத்துக்குப் போய்விட்டேன். அந்தக் கம்பெனி வேறு நிறப் பாக்கெட்டில் கொஞ்ச நாள் விற்றது, பிறகு மூடிவிட்டது. மூடியது சட்டத்தால் அல்ல. நெல்லித்தோப்பிலும் சுற்று வட்டாரத்திலும் ரோசலின் வாயை யாராலும் மூட முடியவில்லை. அதனால்தான்.

இப்போது உங்கள் காலத்தில் வேறு வேறு பெயர்களில் வருகிறது. இலை, பழம், மரச் சர்க்கரை என்று. சிலது நல்லதாகவே இருக்கலாம். சிலதைப் பற்றி இதயத்துக்கு ஆகுமா ஆகாதா என்று இப்போதுதான் சந்தேகம் கிளப்பியிருக்கிறார்கள். சிலது வயிற்றைக் கலக்கும், அவ்வளவோடு போகும். எது எப்படி என்று இன்று முடிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரியாது என்று நோயாளியிடம் சொல்ல உங்களுக்கு வாய் வர வேண்டும். 'இயற்கைதானே, சாப்பிடுங்க' என்பதைவிட அது ஆயிரம் மடங்கு நல்ல சிகிச்சை. எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு. இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத எதையும், அது வேரானாலும் இலையானாலும், உங்கள் வாயால் பரிந்துரைக்காதீர்கள்.

அந்துவான் பிழைத்தார். பொடியை நிறுத்திய பிறகும் அதன் பாதிப்பு உடம்பைவிட்டுப் போகப் பல வாரம் பிடித்தது. முதலில் விரல், பிறகு முழங்கால் என்று பலம் திரும்பியது. கம்பு ஊன்றி நடந்தார், அப்புறம் கம்பில்லாமல்.

நான் அந்த ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு, ஒரு நாள் இருவரும் என் வீடு தேடி வந்தார்கள். பேத்திக்குப் புதுநன்மை விழா, சர்ச்சில் முதல் தடவை நற்கருணை வாங்கும் நாள். பிரான்சிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். அழைப்பு கொடுத்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. எதையோ கேட்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தார். ரோசலின்தான் முழங்கையால் இடித்தார்.

"மதாம், அன்னைக்குக் கத்தோ வெட்டுவாங்க." கேக்கை அவர் அப்படித்தான் சொல்வார். "நான் ஒரு துண்டு சாப்புடலாமா?"

"அன்னைக்குச் சோறக் கொறச்சுக்கோங்க. சாயங்காலம் கொஞ்சம் நடங்க. ஒரு துண்டு சாப்பிடுங்க."

"நெசச் சக்கர போட்டதா?"

"நெசச் சர்க்கர போட்டது."

அவர் நம்பவில்லை. மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது உத்தரவா மதாம்?"

"உத்தரவு."

விழாவுக்குப் போனேன். தட்டில் ஒரு சின்னத் துண்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பொத்தான்கள் சரியாக இருந்தன. கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி வாயில் போட்டு, ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டார். கடைசித் துணுக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் காட்டினார்.

"மாவு, முட்ட, வெண்ண, சக்கர" என்றார். "நாலே நாலுதான் மதாம். மருமவ செய்யும்போது பக்கத்துலயே நின்னு பாத்தேன்."